மிஞ்சிய உணவும் மாநகரப் பசியும்

ஒரு தெருவில் உணவு மிஞ்சிக் கழிவதும் அடுத்த தெருவிற் பசித்தோர் வாடுவதும் மாநகரங்களுக்குப் புதியனவல்ல. இவ்விரண்டையும் இணைத்தற்கு இரக்கம் மட்டும் போதாது. இடமும் காலமும் சட்டமும் துணைபுரிதல் வேண்டும். அமெரிக்க நாட்டு அனுபவம் இதனை நன்கு விளக்கும்.

அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் 1967ஆம் ஆண்டில் ஜோன் வான் ஹெங்கல் என்பார் முதலாவது உணவு வங்கியை நிறுவினார். அதற்குமுன் அவர் ஏழைகளுக்கான அன்னசாலையொன்றில் தொண்டாற்றிவந்தார். கடைகளின் பின்புறத்துக் குப்பைத் தொட்டிகளிற் பொறுக்கியவற்றைக் கொண்டு பிள்ளைகளை வளர்த்த தாயொருத்தி, உணவை வைப்பிலிடவும் வேண்டியபோது எடுக்கவும் வங்கிபோல் ஓரிடம் இருத்தல் நன்றென்று அவரிடங் கூறினாள் என்பர். புனித மரியாள் ஆலயத்தார் 3,000 டொலரும் கைவிடப்பட்ட கட்டடமொன்றும் உதவினர். இன்று உலகெங்கும் வழங்கும் அப்பெயருக்கு வித்திட்டவள் கற்றறிந்தார் எவருமல்லர், அவ்வேழைத் தாயே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயின், நெடுநாள் வைத்திருக்கத்தக்கவை தகரத்தில் அடைத்த பண்டங்களும் தானியங்களும் போன்றனவே. சமைத்த உணவின் நிலை வேறு. ஏறக்குறைய 5 முதல் 60 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். ஆகையால், அத்தகைய உணவை 2 மணிநேரத்துக்கு மேல் வெளியே வைத்தலாகாதென அந்நாட்டு வேளாண்மைத் திணைக்களம் அறிவுறுத்துகின்றது. நியூயோர்க் நகரில் 1982இல் தொடங்கிய 'சிற்றி ஹாவெஸ்ற்' என்னும் நிறுவனம் இவ்விடர்ப்பாட்டை எதிர்கொள்ள முற்பட்டது. அதனை நிறுவிய ஹெலன் பாலிற், முன்னர் நியூ ஹேவனில் அன்னசாலை நடத்திய காலத்தில், உணவுச்சாலையொன்றில் உருளைக்கிழங்குத் தோலாலாய பண்டமொன்றை உண்டார். உள்ளீட்டை யாது செய்வீர் என வினவியபோது, அது எறியப்படுகின்றதென அறிந்தார். அவ்வினாவே பெருந்தொண்டாக விரிந்தது. சேமித்து வைத்தலன்று, பெற்றதைத் தாமதமின்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தலே இதன் முறை. களஞ்சியத்தினும் குளிரூட்டிய லொறியே இங்கு இன்றியமையாதது.

கொடுப்போர் கையைத் தடுத்தது பலவிடத்தும் உலோபமன்று, அச்சமே. உண்டவர் நோயுற்று வழக்கிட்டால் யாது செய்வது? மாநிலந்தோறும் விதிகள் வேறுபட்டிருந்தன. 1996 ஒக்டோபர் 1ஆம் நாள் சனாதிபதி கிளின்ரன் ஒப்பமிட்ட பில் எமர்சன் சட்டம், பாரதூரமான கவனயீனமோ வேண்டுமென்றே இழைத்த தீங்கோ இருந்தாலன்றி, நல்லெண்ணத்துடன் உணவளித்தோரைப் பொறுப்பினின்றும் விடுவித்தது.

இத்தொண்டுக்கு மறுப்பும் உண்டு. நியூயோர்க் ஹன்ரர் கல்லூரிச் சமூகவியலாளர் ஜனற் பொப்பென்டீக், 1998இல் வெளியிட்ட நூலில், தனியார் ஈகை வளருந்தோறும் பசிபோக்கும் கடமையினின்றும் அரசு நழுவுதல் எளிதாகின்றதென வாதித்தார். அவ்வாதம் எளிதில் தள்ளற்பாலதன்று. எமர்சன் சட்டத்துக்கு 40 நாட்களின் முன், 1996 ஆகஸ்ட் 22ஆம் நாள், அதே சனாதிபதி ஒப்பமிட்ட மற்றொரு சட்டம், பிள்ளைகளற்ற உடல்வலியுள்ளோர் வேலையின்றி இருப்பின், அரசின் உணவு முத்திரையை 3 ஆண்டுகளில் 3 மாதங்களுக்கே பெறலாமெனப் பொதுவாக வரையறுத்திருந்தது.