அலசின வலை



லூக்கா 5-ஆம் அதிகாரத்தின்மேல் நான் எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆழத்தில் வலையைப் போடும்படி ஆண்டவர் பேதுருவிடம் சொல்லும் 4-ஆம் வசனத்தில்தான் எப்போதும் தொடங்குவேன். மீனவர்கள் படகைவிட்டு இறங்கிக் கரையில் வலை அலசியதைச் சொல்லும் 2-ஆம் வசனம் எனக்கு வெறும் முன்னுரை. அதை வாசித்த வேகத்திலேயே தாண்டிவிடுவேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்திற்கு வந்தது நினைவிருக்கும். கொசஸ்தலை ஆற்றில் மீன் பிடித்துப் பிழைக்கும் குப்பங்களில் படகும் வலையும் கறுத்துப்போயின. மீனவர்களே இறங்கி வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். சில வாரங்கள் கழித்து, இரு கைகளிலும் புண்ணோடும் இளைப்போடும் அவர்களில் ஒருவர் நமது வார்டுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கிறிஸ்தவர் அல்ல. வேதம் வாசிக்கலாமா என்று கேட்டேன். "படிங்க ஐயா" என்றார். மீனவர் ஆயிற்றே என்று லூக்கா 5-ஐத் திறந்தேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

பேதுருவின் பதிலுக்கு வருமுன்பே அவர் நிறுத்தினார். "இருங்க ஐயா. அலசி முடிச்ச வலையையா திரும்ப எறக்கச் சொன்னாரு?"

ஆமாம் என்றேன்.

"வலையை அலசிட்டா அன்னிக்குத் தொழில் முடிஞ்சுதுன்னு அர்த்தம். ராத்திரி பூரா ஒண்ணும் கிடைக்கலை, தூக்கமும் இல்லை. திரும்ப எறக்கினா மீன் வருதோ இல்லையோ, திரும்ப அலசணும், திரும்பக் காயவைக்கணும். அதுவும் பகல்லயா? அந்த ஆளு இன்னா சொன்னாரு?"

இறையியல் கல்லூரியில் இதற்கான விவரத்தைப் படித்தவன்தான் நான். அக்காலத்தில் கலிலேயாவில் வலை சணல்நூலால் பின்னப்பட்டது. அழுக்கும் பாசியும் போக அன்றன்றே அலசி உலர்த்தாவிட்டால் மக்கிவிடும். பகல் வெளிச்சத்தில் அந்த நூல் மீனின் கண்ணுக்குத் தெரியும். ஆகவே இரவில்தான் வலை இறக்குவார்கள். இதெல்லாம் பரீட்சைக்கு எழுதினேன், மறந்தேன். பேதுருவுக்கு அந்தக் கட்டளையால் உண்டான கூடுதல் வேலை எவ்வளவு என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

பேதுரு சொன்ன பதிலை வாசித்தேன். அங்கே அவன் இயேசுவை அழைக்கும் கிரேக்கச் சொல்லைப் புதிய ஏற்பாட்டில் லூக்கா மாத்திரமே எழுதுகிறார். வேலையை மேற்பார்ப்பவர் என்று பொருள். நமது ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் "மேஸ்திரி" என்று சொல்லுவோமே, கிட்டத்தட்ட அதுதான். மீன் நிறைந்தபின், 8-ஆம் வசனத்தில்தான் "ஆண்டவர்" என்ற சொல் அவன் வாயில் வருகிறது. வலையை இறக்கும்போது இயேசு அவனுக்கு இன்னும் மேஸ்திரி அளவில்தான் இருந்தாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சொன்னபோது நம் நண்பர் சிரித்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். "அவருக்கு அலச ஒரு வலை இருந்துச்சு ஐயா. எங்களுது மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சும் கறை போகலை. தூக்கிப் போட்டுட்டோம்."

என்னிடம் பதில் இல்லை. உமக்கும் இரண்டு படகு நிறைய மீன் வரும் என்று சொல்ல நா எழவில்லை. முகத்துவாரத்தில் அப்போது மீனும் இல்லை. ஜெபிக்கலாமா என்று கேட்டேன்; சரி என்றார். இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு ஜெபித்தேன்.

அவருடைய மருந்து, படுக்கைச் செலவு முழுவதும் நீங்கள் அனுப்பும் ஏழை நோயாளர் நிதியிலிருந்து போயிற்று. புண் ஆறிப் பத்து நாளில் வீடு திரும்பினார். புது வலைக்குக் கடன் கேட்டிருப்பதாகப் போகும்போது சொன்னார். "வாங்கினா அலசுறதுக்கு ஒரு நாள் நீங்களும் வாங்க ஐயா" என்றார்.

அடுத்த ஞாயிறு நமது சிற்றாலயத்தில் அதே பகுதியை எடுத்தேன். 2-ஆம் வசனத்திலேயே மணி அடித்துவிட்டது. ஆழத்துக்குப் போக நேரமில்லை.