ஒளி எந்த வழியாக வந்தது?

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் மேல் பதுளை ரயில் வளைந்து வருவதை நாலுக்கு ஐந்து அங்குல பிலிமில் பிடிக்க ஆசைப்படுபவருக்கு ஒரு ரயிலுக்கு ஒரு படம்தான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கூர்மை பார்த்து, பிலிம் ஹோல்டரைக் கமராவின் முதுகில் செருகி, அதன் மூடுதகட்டை உருவிவிட்டு, வெயிலில் காத்து நிற்க வேண்டும். பழைய ஹோல்டர் காலை வாருவது அந்த நேரத்தில்தான்.

இன்று கைக்குக் கிடைக்கும் ஹோல்டர்கள் பெரும்பாலும் யாரோ பாவித்தவை. பக்கத்துக்கொரு பிலிம் தாங்கும் இந்தத் தட்டையான கூட்டில் ஒளி புக வாய்ப்புள்ள இடங்கள் சிலவே. தகட்டை உருவிய பின் திறந்து கிடக்கும் இடுக்கை வெல்வெட்டும் மெல்லிய வில்தகடும் சேர்ந்து அடைக்கின்றன. எதிர்முனையில், பிலிமை உள்ளே தள்ளுவதற்கான மடல் துணிநாடாவில் தொங்குகிறது. வெல்வெட் படிந்துபோகலாம், நாடா மடிப்பில் வெடிக்கலாம், தகட்டின் மூலையில் மயிரிழைக் கீறல் விழலாம். மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் ஊவா மலைகளில் நாடாவின் பசைக்கு ஆயுள் இன்னும் குறைவு.

ஒழுக்கு எவ்வளவு சிறிதாக இருந்தால் போதும் என்று கணக்குப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. உச்சி வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். அதில் நூறு கோடியில் ஒரு பங்கு மட்டும் உள்ளே கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 100 பிலிமில் கண்ணுக்குத் தெரியும் கருமை தொடங்க 0.008 லக்ஸ்-விநாடி ஒளி போதும். அந்தக் கசிவு இதை 80 விநாடிகளில் கொடுத்துவிடும். ரயில் கொஞ்சம் தாமதித்தால் படம் போயிற்று.

இருட்டறையில் டோர்ச்சைச் சுற்றிச் சுற்றி அடித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. பெரிய ஓட்டைகள் அதில் அகப்படும். ஆனால் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. விநாடியின் சிறு பகுதிக்குள் வந்ததை மட்டும் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறது. பிலிம் மறப்பதில்லை. ஒரு வெள்ளி உப்புப் படிகத்தில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடினால் போதும், உருத்துலக்கும் கரைசல் அந்தப் படிகம் முழுவதையும் கறுப்பு வெள்ளியாக்கிவிடும்.

1875இல் இலங்கைக்கு வந்து, தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்து, 1879இல் மலைநாட்டிலேயே மறைந்து பொகவந்தலாவையில் அடக்கமான ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இருந்திருக்காது. அவர் பாவித்த ஈரக் கண்ணாடித் தகடு நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் மட்டுமே அசையும் மந்தமான பொருள். பிறகு வந்த பிலிம் நூறு மடங்குக்கு மேல் வேகமானது. அவ்வளவுக்கு ஹோல்டரின் இருட்டும் ஆழமாக வேண்டியிருந்தது.

ஆகவே ஒளியுணர் பொருளையே சாட்சிக்கு அழைப்பதுதான் சரியான சோதனை என்பேன். போட்டோ தாளுக்குச் சிவப்பு விளக்கு போதும், விலையும் குறைவு. அதை வெட்டி இரு பக்கமும் ஏற்றி, மூடிய ஹோல்டரை வெயிலில் வைத்து ஒவ்வொரு முனையையும் சூரியனுக்குக் காட்ட வேண்டும். தாள் பிலிமைவிட மந்தம் என்பதால் கால் மணி நேரமாவது வேண்டும். அடுத்து புதுத் தாளோடு கமராவில் செருகி, வில்லையை மூடி, தகட்டை உருவி, மறுபடி வெயில். இரண்டையும் தனித்தனியாகக் கழுவினால் குற்றவாளி தானாக வெளிப்படும்.

உருவும் இடுக்கில் கசிவு என்றால் கருமை அந்த முனையிலிருந்து விசிறியாக விரியும். மடல் நாடா என்றால் எதிர்முனை ஓரத்தில் பட்டையாக விழும். எனக்கு மிகவும் பிடித்த தடயம் பிலிமின் நீண்ட ஓரங்களில் இருக்கிறது. அங்கே ஒரு மெல்லிய கரையை ஹோல்டரின் தண்டவாளங்கள் மறைத்திருக்கும். அந்தக் கரை வெளுப்பாகவே இருந்து நடுப்பகுதி மட்டும் மூடுபனியாகத் தெரிந்தால், ஒளி முன்பக்கமாக வந்திருக்கிறது. முதலில் கமராவின் துருத்தியில் ஊசித்துளை தேட வேண்டும். கரையும் கறுத்திருந்தால் ஹோல்டரின் மடலையோ, பிலிமை ஏற்றி இறக்கிய இருட்டறையையோ சந்தேகிக்க வேண்டும்.

எந்த ஹோல்டர் என்பதையும் பிலிமே சொல்லும்படி செய்யலாம். மடலின் உள்விளிம்பில் அரத்தால் ஒவ்வொரு ஹோல்டருக்கும் வெவ்வேறு வெட்டு போட்டுவிட்டால், அது ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் கறுப்பாகப் பதியும். நாடா வெடித்த ஹோல்டருக்குப் புதுத் துணிநாடா ஒட்டலாம். கீறிய தகட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.