கனடா விசா: ஏஜென்ட் அசலா, போலியா?

திருப்பூர் நல்லூரில் மெர்ச்சண்டைசராக இருந்துகொண்டே கனடா பி.ஆருக்கு முயற்சி செய்கிறீர்களா? ஏஜென்ட் ஆபீஸின் கண்ணாடிக் கதவை நம்பிடாதீங்க. காசு வாங்கி விசா ஆலோசனை சொல்ல, கனடாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞர், ‘சிஐசிசி’ அமைப்பில் பதிவான ஆலோசகர் போன்றோருக்கே அந்நாட்டுச் சட்டம் அனுமதி தருகிறது.

பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, சிஐசிசி இணையதளத்தில் தேடுங்க. உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்தவர் எண்ணைக் காட்டும் கில்லாடிகளும் உண்டு. அதனால் அங்கே உள்ள தொடர்பு விவரத்திலேயே விசாரிப்பது நல்லது.

2023-ல் போலி அட்மிஷன் கடிதத்தால் இந்திய மாணவர்கள் பலர் நாடுகடத்தலை எதிர்கொண்டார்கள். பொய்த் தகவலுக்கான 5 ஆண்டுத் தடை விண்ணப்பித்தவர் தலையில்தான் விழும். ‘ஐஎம்எம் 5476’ பிரதிநிதி படிவத்தில் தன் பெயரைப் போட மறுக்கிறாரா? ஃபைலைத் திரும்ப வாங்கிடுங்க.