சாம்பார் போதாது, சுண்டலும் வேண்டும்

"வீட்டில் தினமும் பருப்புதானே சாப்பிடுகிறோம், பிறகு ஏன் கொலஸ்ட்ரால் ஏறுகிறது?" ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பலர் கேட்கும் கேள்வி இது. நான்கு பேருக்கான சாம்பாரில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டாலே தாராளம். ஆளுக்கு 25 கிராம்தான் வரும். அதில் கிடைக்கும் நார்ச்சத்து இரண்டரை கிராமைத் தாண்டாது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரி உண்பவருக்குச் சொல்லும் அளவோ 30 கிராம்.

குடலுக்குள் நடப்பது

கல்லீரல் கொலஸ்ட்ராலை வைத்துத்தான் பித்த அமிலங்களைத் தயாரிக்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவிய பிறகு, அவற்றில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். பயறு வகைகளிலுள்ள கரையும் நார்ச்சத்து நீரில் ஊறிக் கூழாகி, அந்த அமிலங்களில் ஒரு பங்கைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. குறைந்ததை ஈடுகட்டப் புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்க வேண்டுமே. அதற்காகக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது.

எவ்வளவு குறையும்?

26 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை 2014-ல் கனடா மருத்துவச் சங்க இதழில் வந்தது. நாளொன்றுக்குச் சுமார் 130 கிராம் பயறு சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்தது. 140 இருந்தால் 133 ஆகலாம், அவ்வளவுதான். ஸ்டாட்டின் மாத்திரை பொதுவாக 30 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். எனவே சுண்டலை நம்பி மாத்திரையை நிறுத்துவது விபரீதம்.

ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடின் விவகாரம் வேறு. வெள்ளைச் சோறு, சர்க்கரை, மது ஆகியவற்றால் ஏறுவது அது; நாரால் மட்டும் பெரிதாக இறங்காது. வயிறு நிறையச் சோறு தின்றபின் மேலே சுண்டலையும் சேர்த்தால் கலோரிதான் கூடும். இரண்டு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பயறு வரவேண்டும்.

கொள்ளு ரசம்

கொள்ளு வேகவைத்த தண்ணீரை வடித்து ரசம் வைத்துக் குடித்தால் கொழுப்பு கரையும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் பலமாக இருக்கிறது. ரசம் ருசியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாரில் பெரும்பகுதி வடிகட்டியில் நிற்கும் கொள்ளில் இருக்கிறது. கிராமத்து வீடுகளில் அது நேராக மாட்டுத் தொட்டிக்குப் போகும்; பலன் மாட்டுக்கு! அதைத் தாளித்துச் சுண்டலாக்குங்கள், அல்லது பூண்டு, மிளகாய் வைத்துத் துவையல் அரையுங்கள்.

எதை, எப்படி?

100 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 25 கிராம் நார் உண்டு. தோல் நீக்கிய கடலைப்பருப்பில் 15. தோலிலிருப்பது பெரும்பாலும் கரையாத நார், மலச்சிக்கலுக்கு நல்லது. கரையும் நார் உட்பருப்பிலும் இருப்பதால் உடைத்த பருப்பும் வீணில்லை. தண்ணீராக ஓடாமல் கெட்டியாக, கூடுதலாகச் சாப்பிட்டால் சரி.

ஒருவருக்கு 60 கிராம் கடலையை இரவே ஊறவைத்தால் மறுநாள் வெந்ததும் இரு மடங்காகும். வாயுத் தொல்லை உள்ளவர்கள் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, முதல் வாரம் கால் கப்போடு தொடங்கலாம். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும், பயறில் பொட்டாசியம் அதிகம் என்பதால், மருத்துவரைக் கேட்டு அளவைத் தீர்மானிக்க வேண்டும்.