குளிர்ச்சி வேறு, காப்பு வேறு

தமிழர்கள் கூலிங் கிளாஸ் என்று சொல்வதை மும்பையில் காகிள் என்பார்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழ் வீடுகளில் இரண்டு பெயரும் புழங்குகின்றன. வெயில் கண்ணாடி செய்யவேண்டிய வேலைகள் இரண்டு. கண்கூச்சத்தைக் குறைத்துக் குளிர்ச்சி தருவது ஒன்று. கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரைத் தடுப்பது இன்னொன்று. கூலிங் கிளாஸ் என்ற பெயர் முதல் வேலையை மட்டும் சொல்கிறது. பெட்டியின் அடியில் கிடக்கும் தாத்தா காலத்துக் கண்ணாடி உசத்தியா, கடையில் இன்று வாங்கியது உசத்தியா என்ற பேச்சில் குழப்பம் வருவதும் இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாக நினைப்பதால்தான். குளிர்ச்சியிலும் கட்டுமானத்திலும் பழையவற்றில் நல்லவை இன்றும் சளைக்காமல் நிற்கின்றன. காப்பில் புதியவற்றின் கை ஓங்கியிருக்கிறது.

புற ஊதாக் கதிர் நெடுங்காலம் பட்டால் கண்புரை விரைவில் வரலாம். வெள்ளை விழியிலிருந்து கருவிழி மீது சதை வளரலாம். வெயிலில் நாள் முழுக்க வண்டி இழுப்பவர், மீன் பிடிப்பவர், கட்டட வேலை செய்பவர் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். மழைக்கால மேகமூட்டம் வெளிச்சத்தைக் குறைக்கும். புற ஊதாவை முழுதாக மறைக்காது. வெறும் கறுப்புச் சாயம் மட்டும் ஏற்றிய கண்ணாடியில் ஒரு கெடுதலும் உண்டு. இருட்டைக் கண்டு பாவை விரிகிறது. கண்ணாடி புற ஊதாவைத் தடுக்காவிட்டால் விரிந்த பாவை வழியே அது கூடுதலாக உள்ளே போகும். வெறுங்கண்ணாக இருந்தால் கூச்சத்தில் இமையாவது சுருங்கியிருக்கும்.

இந்த ஒப்பீட்டுக்கு மும்பையில் கைக்கு எட்டும் உதாரணம் ரே-பான். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் 1853-ல் தொடங்கிய பாஷ் அண்ட் லோம் நிறுவனம், விமானிகளுக்காக உருவாக்கிய கண்ணாடியை 1937-ல் இந்தப் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1952-ல் தடித்த பிளாஸ்டிக் பிரேம் கொண்ட வேஃபேரர் வந்தது. 1953-ல் வந்தது ஜி-15 என்ற சாம்பல்-பச்சை லென்ஸ். எண் குறிப்பது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் 15 சதவீதம் மட்டுமே உள்ளே வரும் என்பதை. நிறம் மேலே பூசியதாக இல்லாமல் கண்ணாடிக் குழம்பிலேயே கலந்திருந்ததால் சுரண்டினாலும் போகாது.

1991-க்கு முந்தைய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இப்படிப்பட்ட பொருள்கள் பம்பாய்க்கு நேர்வழியில் வருவது அரிது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் பெட்டிகளில் வரும்; இல்லாவிட்டால் ஹாஜி அலியின் ஹீரா பன்னா, கிராஃபர்ட் மார்க்கெட் அருகிலுள்ள முசாஃபிர்கானா போன்ற 'ஃபாரின் சாமான்' கடைகளில் கிடைக்கும். இன்று பழைய வீடுகளில் இருக்கும் ரே-பான்களில் பல அந்த வழியில் வந்தவை. 1990-களில் பாஷ் அண்ட் லோம் ராஜஸ்தானின் பிவாடியில் ஆலை வைத்து இந்தியாவிலேயே தயாரித்தது. 1999-ல் இத்தாலியின் லக்ஸோட்டிகா ரே-பானை 64 கோடி டாலருக்கு வாங்கியது. பழைய லென்ஸின் ஓரத்தில், கீலுக்கு அருகே, பொடியாக பி.எல். என்று செதுக்கியிருக்கும், கைமாறிய பிறகு அது ஆர்.பி. ஆயிற்று. பழம்பொருள் பார்ப்பவர்கள் பூதக்கண்ணாடி வைத்து முதலில் தேடுவது இந்த இரண்டு எழுத்துகளைத்தான். ஆனால் செதுக்கலையும் போலி செய்ய முடியும் என்பதால் அது மட்டும் போதுமான சாட்சி ஆகாது.

லென்ஸை எடுத்துக்கொண்டால், அந்தக் காலத்து நல்ல லென்ஸ் கனிமக் கண்ணாடி. இரு பக்கமும் சாணை பிடித்து மெருகேற்றியது. அதன் வழியே பார்த்தால் தண்டவாளம் தண்டவாளமாக நேராகத் தெரியும். கைக்குட்டையில் பத்து வருடம் துடைத்தாலும் கீறல் விழுவது குறைவு. நிறங்களைச் சிதறடிக்காத தெளிவை அபே எண்ணால் அளப்பார்கள். அது கூடக் கூட ஓரங்களில் நிறப்பிசிறு குறையும். கண்ணாடிக்கு அது ஏறக்குறைய 59. 1940-களில் வந்த சி.ஆர்.-39 பிளாஸ்டிக்குக்கு 58. இன்று மலிவான கண்ணாடிகளிலும் விளையாட்டுக் கண்ணாடிகளிலும் நிறைந்திருக்கும் பாலிகார்பனேட்டுக்கு 30 தான். தெளிவு ஒன்றையே பார்த்தால் பழைய ஜி-15 இன்றைய பல லென்ஸ்களை வெல்லும். அதே வகைக் கண்ணாடி லென்ஸை ரே-பான் இன்றும் சில மாடல்களில் போடுகிறது என்பதையும் சொல்லவேண்டும்.

எடையில் நிலைமை தலைகீழ். கண்ணாடியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு இரண்டரை கிராம். சி.ஆர்.-39 சுமார் 1.3 கிராம், பாலிகார்பனேட் 1.2 கிராம். கண்ணாடி லென்ஸ் மூக்கில் பள்ளம் போடும். மும்பை ஜூன் மாதத்துப் புழுக்கத்தில் வழுக்கி இறங்கும். அதைவிடப் பெரிய குறை, உடையும் என்பது. அமெரிக்காவில் 1972-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 16 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகுக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டாலும் லென்ஸ் நொறுங்கக் கூடாது. அதற்காகக் கண்ணாடியை வெப்பத்தாலோ வேதிக் குளியலாலோ இறுக்கினார்கள். அதற்கு முந்தைய லென்ஸ்களில் பல இறுக்கப்படாதவை. பைக் ஓட்டும்போது ஒரு கல் தெறித்தால் சில்லு கண்ணுக்குள் போகும். 1972-க்கு முந்தைய கண்ணாடியை அழகுக்காக வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதைத் தவிர்க்கவேண்டும். பாலிகார்பனேட்டின் பலம் இந்த இடத்தில்தான். சுத்தியல் அடி வாங்கினாலும் அது பெரும்பாலும் நசுங்குமே தவிரச் சிதறாது.

பழையது எல்லாம் உயர்ந்தது என்ற எண்ணத்துக்கு ஒரு காரணம், மட்டமானவை மிஞ்சவில்லை என்பது. அந்தக் காலத்திலும் சந்தையில் மலிவுச் சரக்கு நிறையவே இருந்தது. கண்ணாடித் தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் தொய்யவிட்டு வளைத்த லென்ஸ்கள் ஏராளம். சாணை காணாத அந்த லென்ஸ் வழியே பார்த்தால் சுவர் நெளியும், தலை வலிக்கும். அவை உடைந்தும் தொலைந்தும் குப்பைக்குப் போயின. உறையில் போட்டுப் பாதுகாத்த விலையுயர்ந்தவை மட்டும் பேரன் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

காப்புக் கணக்கில் பழையவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது. ஜி-15 போல அடர்நிறம் கலந்த நல்ல கண்ணாடி புற ஊதாவையும் நன்றாகவே உறிஞ்சியது. ஆனால் சாதாரணக் கண்ணாடி குறுகிய அலைநீளமுள்ள கதிர்களைத்தான் நிறுத்தும். 320 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். இளநீலம், இளஞ்சிவப்பு என்று மெல்லிய நிறமேற்றிய பழைய ஃபேஷன் கண்ணாடிகளை இந்த விஷயத்தில் நம்ப முடியாது. அன்றைக்கு அளந்து சொல்லவும் ஆளில்லை. வெயில் கண்ணாடிக்கென்று தரநிலை வகுத்த முதல் நாடு ஆஸ்திரேலியா, ஆண்டு 1971. அமெரிக்கத் தரநிலை மறு ஆண்டு வந்தது. பல நாடுகளுக்குப் பொதுவான ஐ.எஸ்.ஓ. 12312-1 வந்தது 2013-ல்தான். இன்று லேபிளில் யு.வி. 400 என்று போட்டால், 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரைத் தடுக்கும் என்று தயாரிப்பாளர் பொறுப்பேற்கிறார் என்று பொருள்.

இங்கே விலை சரியான அளவுகோலாக இருப்பதில்லை. பாலிகார்பனேட் இயல்பிலேயே சுமார் 380 நானோமீட்டர் வரை தடுத்துவிடும். ஆகவே லிங்க்கிங் ரோட்டு நடைபாதையில் நூறு இருநூறு ரூபாய்க்கு விற்பது உண்மையிலேயே பாலிகார்பனேட்டாக இருந்தால் புற ஊதாவைக் கணிசமாகத் தடுக்கும். அது என்ன பிளாஸ்டிக் என்று விற்பவருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல். மலிவுச் சரக்கு பெரும்பாலும் தோற்பது பார்வைத் தெளிவில்.

தரநிலைகள் கொண்டுவந்த இன்னொரு நன்மை 0 முதல் 4 வரையிலான இருட்டு எண். 3 என்றால் 8 முதல் 18 சதவீத வெளிச்சம் உள்ளே வரும். நம் ஊர் வெயிலுக்குப் பொருத்தம். 1953-ன் ஜி-15, எழுபது ஆண்டு கழித்தும் சரியாக இந்த வகைக்குள்தான் விழுகிறது. அன்றைய கைத்திறனுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. 4 என்பது பனிமலைக்கும் நடுக்கடலுக்கும் உரியது. அதை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது. செம்பூரையும் தென்மும்பையையும் இணைக்கும் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் போகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கொளுத்தும் வெயிலிலிருந்து ஆணிக்-பாஞ்சராபோள் சுரங்கப்பாதைக்குள் நுழையும் அந்தக் கணத்தில் 3-ஆம் எண் கண்ணாடிகூட முன்வண்டியை மங்கலாக்கும். பழைய கண்ணாடிகளில் எந்த எண்ணும் இராது. எவ்வளவு இருட்டு என்பது அணிந்து பார்த்தால்தான் தெரியும். எந்த எண்ணாக இருந்தாலும் வெல்டிங்குக்கு வெயில் கண்ணாடி உதவாது. தாராவிப் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கு அதற்கென்றே உள்ள வெல்டிங் கண்ணாடிதான் வேண்டும்.

போலரைஸ்டு லென்ஸ் புதிய சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். எட்வின் லேண்டின் போலராய்டு நிறுவனம் 1930-களிலேயே அதை விற்றது. நனைந்த தார்ச்சாலையிலும் மாலைக் கடலிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியின் அலைவு பெரும்பாலும் கிடைவாட்டத்தில் இருக்கும். செங்குத்தான அலைவை மட்டும் விடும் படலம் அந்தப் பளபளப்பை அறுத்துவிடுகிறது. மெரைன் டிரைவில் சூரியன் இறங்கும் நேரத்தில் போலரைஸ்டு கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியும். பழையவற்றில் இந்தப் படலம் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும். வெப்பமும் ஈரமும் ஏறி, ஓரத்திலிருந்து பசை விட்டுக் குமிழ் கட்டும். இதிலும் புதியது தெளிவாக மேல்.

பிரேமில் பழைய கைவேலைக்கு ஈடு குறைவு. செல்லுலோஸ் அசிடேட் என்ற பருத்தி, மரநார் வழிப் பிளாஸ்டிக்கைப் பலகையாக்கி, அதிலிருந்து பிரேமை அறுத்து, நாள்கணக்கில் உருட்டி மெருகேற்றினார்கள். நிறம் உள்ளுக்குள் வரை ஓடும். ஐந்து, ஏழு கண்ணிகள் கொண்ட கீலை ஆணி அறைந்து பொருத்தினார்கள். இன்று பெருவாரியாக அச்சில் ஊற்றி எடுக்கிறார்கள்; கீல் சிறியது, சூட்டில் அழுத்திச் செருகியது; நிறம் மேற்பூச்சு. தாராவியின் 13-ஆம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக் தரம் பிரிப்பவர்கள் தட்டிய ஓசையையும் எரித்த வாடையையும் கொண்டே இன்ன வகை என்று சொல்லிவிடுவார்கள். வாங்குபவர் அந்த அளவுக்குப் போகவேண்டாம். விளிம்பில் அச்சு சேர்ந்த கோடு விரலில் பட்டாலே ஊற்றியது என்று தெரியும். ஊற்றியது எல்லாமே மட்டம் என்றும் இல்லை. டி.ஆர்.-90 என்ற நைலான் வகை வளைத்தாலும் மீளும், வியர்வைக்கு அசராது. கீழே போட்டு மிதிக்கும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அசிடேட்டைவிட அதுவே ஏற்றது. வேஃபேரரையே லக்ஸோட்டிகா 2001-ல் சிறிதாக்கி எடை குறைந்த ஊற்று பிளாஸ்டிக்கில் செய்தது. 2007-ல் பழைய வடிவத்தையும் திரும்பக் கொண்டுவந்தது.

உலோகப் பிரேமில் வேறுபாடு நகைக்கடைப் பேச்சில் எளிதாக விளங்கும். விமானிகளுக்கான பழைய ஏவியேட்டர் கண்ணாடிகளில் 1/30, 10 காரட் என்ற குறி காணப்படும். எடையில் முப்பதில் ஒரு பங்கு 10 காரட் தங்கம். தகடாக வைத்து அழுத்திப் பிணைத்தது. இன்றைய பொன்னிறம் மின்முலாம், கவரிங் போல. கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்த மும்பையில் மெல்லிய முலாம் நெற்றிப்பொட்டுப் பக்கம் முதலில் தேயும். அடியிலுள்ள உலோகம் பச்சைக் களிம்பு பூக்கும். பழையதிலும் திருகு, மூக்குத் தாங்கிக் கம்பி ஆகிய இடங்களில் களிம்பு ஏறும். ஆனால் அதைப் பிரித்துச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டலாம். பழுது பார்க்கக்கூடியதாகச் செய்தது பழையவற்றின் பெருங்குணம்.

அசிடேட்டுக்கும் முதுமை உண்டு. அதை மென்மையாக்கக் கலந்த பொருள் ஆண்டுக்கணக்கில் கசிந்து வெளியேற, பிரேம் சுருங்கும், மேலே வெள்ளைப் பூச்சாகப் படியும். அசிடேட்டே சிதைந்தால் புளிக்காடி வாடை வரும். சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழைய கண்ணாடி வாங்குபவர்கள் கீலைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு மோந்தும் பார்க்கவேண்டும்.

சோதனைகள் பழையதற்கும் புதியதற்கும் ஒன்றுதான். கையை நீட்டி லென்ஸைப் பிடித்து, ஜன்னல் கம்பியையோ பிளாட்பாரத்தின் விளிம்பையோ பார்த்தபடி மெல்ல அசைத்தால், கோடு நெளியக் கூடாது. செல்போன் திரைக்கு முன் லென்ஸைக் கால் சுற்று திருப்பினால் ஒரு நிலையில் திரை இருளவேண்டும்; இருண்டால் போலரைஸ்டு. புற ஊதாவுக்கு, ரூபாய் நோட்டின் ஒளிரும் எண்களைச் சிறு புற ஊதா டார்ச்சால் லென்ஸ் வழியே காட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. மலிவான டார்ச்சுகளின் ஒளி 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதாவாக இருப்பதால் அந்த முடிவை நம்பிவிடக் கூடாது. மீட்டர் வைத்திருக்கும் கண்ணாடிக் கடையில் அளக்கச் சொல்வதே சரி.

பழைய பிரேம் மனதுக்குப் பிடித்திருந்து லென்ஸ் சந்தேகமாக இருந்தால், புதிய லென்ஸை அதே அளவில் அறுத்துப் பொருத்தலாம். பழையதன் கட்டுமானமும் புதியதன் காப்பும் ஒன்றுசேர இதுவே வழி. உலோகப் பிரேமில் திருகைக் கழற்றினால் போதும். அசிடேட் பிரேமைக் கடைக்காரர் சூட்டில் இளக்கித்தான் லென்ஸை உள்ளே தள்ளுவார். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்த பிரேம் அசிடேட்டாக இல்லாமல் செல்லுலாய்டாக இருக்கலாம். பழைய சினிமா ஃபிலிம்போல அது குப்பென்று பற்றும். ஆகவே கடையில் கொடுக்கும்போதே அதன் வயதைச் சொல்லிவிடவேண்டும்.