உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்குதா? எப்போது 108-ஐ அழைக்க வேண்டும்?

வத்தல்மலையில் இருப்பவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி தருமபுரிக்குத்தான் வர வேண்டும். அதனால் எந்தப் படபடப்புக்குப் பொறுக்கலாம், எதற்கு உடனே கிளம்பணும் என்று தெரிந்திருப்பது முக்கியம்.

எது இயல்பு?

ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு. 100-ஐத் தாண்டினால் 'டாக்கிகார்டியா'. மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்கினால் கணக்கு கிடைத்துவிடும்.

ஏன் எகிறுகிறது?

மேடு ஏறினால் துடிப்பு கூடும். உட்கார்ந்தால் சில நிமிடங்களில் இறங்கிவிடும். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, ரத்தசோகை, தைராய்டு, பதற்றம் ஆகியவையும் காரணமாகலாம். மலையில் விளையும் காபியும் அளவு மீறினால் சிலருக்குப் படபடப்பு தரும். ஆனால் சும்மா இருக்கும்போதே, சுவிட்ச் போட்டதுபோல துடிப்பு 150-ஐத் தாண்டினால் இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு இருக்கலாம்.

என்ன செய்யணும்?

படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். தனியாக பைக்கில் இறங்கவே கூடாது. வளைவில் மயங்கினால் உயிருக்கே ஆபத்து.

இந்த அறிகுறிகள் இல்லையென்றால் உட்கார்ந்து, மூச்சை அடக்கி 15 விநாடி முக்கிப் பாருங்கள். சில வகைப் படபடப்பு இதில் அடங்கும். அடங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அடங்கினாலும் நேரத்தையும் துடிப்பு எண்ணிக்கையையும் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். படபடப்பு நின்றபின் எடுக்கும் இசிஜி இயல்பாகவே வரலாம். அப்போது இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.