சூடேறும் ஆட்டோ கியர்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், மெர்லிமாவ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில், குலைகளைச் சுமந்து, மழையில் இளகிய செம்மண் பாதையில் ஊர்ந்து செல்லும் பழைய ஆட்டோ கியர் வண்டிக்கு, நெடுஞ்சாலை வேகத்தைக் காட்டிலும் அந்த மந்த கதியே பெருஞ்சிரமம் தருவது. ஏனெனில், என்ஜினின் சுழற்சியை எண்ணெயின் வாயிலாகக் கியர்ப் பெட்டிக்குக் கடத்தும் கன்வர்ட்டர், சுமை மிகுந்து வேகம் குன்றும்போது சக்தியின் பெரும்பகுதியை உஷ்ணமாக்கிவிடுகிறது.

சாதாரணமாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் கியர் எண்ணெய், 120 டிகிரியைத் தாண்டினால் விரைவில் தன் குணத்தை இழக்கும். கருகல் வாடை வீசினாலோ, என்ஜின் இரைந்தும் வண்டி நகரத் தயங்கினாலோ, சமதளத்தில் நிறுத்தி, கியரைப் 'பி'யில் வைத்து, ரேடியேட்டர் நீர் கொதிக்காதிருப்பின், என்ஜினை அணைக்காமல் சில நிமிஷங்கள் ஓடவிடுதல் உத்தமம். எண்ணெயைக் குளிரச் செய்யும் குழாய்களுக்கு அதை அனுப்பும் பம்ப், என்ஜினோடுதான் சுழல்கிறது. என்ஜின் ஓடாத நிலையில், ஓட்டுசக்கரங்கள் தரையில் உருள, வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதும் அக்காரணத்தாலேயே அபாயகரமானது.

பிறகு, எண்ணெய் பார்க்கும் கோலை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள்: பெரும்பாலான வண்டிகளில் சிவப்பாயிருக்க வேண்டிய எண்ணெய் கரும்பழுப்பாகி நாறினால், தாமதியாமல் பட்டறைக்குச் சொல்லியனுப்புங்கள். ரேடியேட்டர் முகப்பில் அப்பிய சேற்றையும் சருகையும் அவ்வப்போது கழுவி, மேடுகளில் 'எல்' கியரில் ஏறி, சுமையையும் அளவோடு ஏற்றினால், வயதான வண்டியும் நெடுங்காலம் உழைக்கும்.